கழுவாத இரண்டு பிலிம் சுருள்கள்

புலம்பெயர்ந்து வந்த எங்களில் பலரது வீடுகளில், ஏதோ ஒரு பெட்டியின் அடியில், கழுவப்படாத பிலிம் சுருள் ஒன்று கிடக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்பதுகூட மறந்துபோயிருக்கும். எறியவும் மனம் வராது, கொண்டுபோய்க் கொடுக்கவும் நேரம் வராது. எங்கள் வீட்டில் அப்படி இரண்டு சுருள்கள் இருந்தன. ஒன்றை அறியாமையால் இழந்தோம். மற்றதைக் காப்பாற்றினோம். இரண்டுக்கும் நடுவில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றை, புதிதாக வந்து குடியேறியிருக்கும் குடும்பங்களுக்குச் சொல்லவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் அக்காவும் தம்பியும். 1991ஆம் ஆண்டு கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் வாழ்க்கையைத் தொடங்கினோம். அப்பாவும் அம்மாவும் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். "அப்பாச்சியை ஆரிட்ட விட்டிட்டு வாறது?" என்பது அப்பாவின் கேள்வி. அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். படம் எடுப்பது அவருடைய பொழுதுபோக்கு. அவரிடம் பழைய செனிற் கமரா ஒன்று இருந்தது. கனமான ரஷ்யக் கமரா. அதற்குப் பற்றரி தேவையில்லை. 1990 யூனுக்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, பற்றரி கொண்டுவரவும் தடை. அந்த நாட்களில் எங்கள் ஊரில் வேலைசெய்த ஒரே கமரா அப்பாவுடையதுதான் என்று அம்மா சொல்லுவார். கலர் பிலிம் கழுவும் இயந்திரம் மின்சாரமின்றி நின்றுவிட, கறுப்பு வெள்ளைப் பிலிமை மட்டும் ஸ்ரூடியோக்காரர் வாளித் தண்ணீர் வைத்துக் கையால் கழுவிக் கொடுத்தாராம். பிறகு அவரிடமும் மருந்து தீர்ந்துபோயிற்று.

நாங்கள் வந்த முதல் மாரியில், பனிக்குள் நின்று ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பினோம். படத்தில் பனி சாம்பல் நிறம். எங்கள் முகங்கள் கரி. கடிதம் போய்ச் சேர்ந்து பதில் வர மூன்று மாதம் ஆயிற்று. பிள்ளைகள் கறுத்து மெலிந்துவிட்டார்கள் என்று அம்மா கவலைப்பட்டு எழுதியிருந்தார். கீழே அப்பா நாலு வரி சேர்த்திருந்தார்: பிள்ளைகளில் பிழையில்லை, கமராவிலும் பிழையில்லை. ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக நினைக்கும். வெள்ளைப் பனியைப் பார்த்ததும் வெளிச்சம் மிதமிஞ்சிவிட்டது என்று வாசலைச் சாத்திவிடும். பனியில் நின்றால், அது சொல்வதைவிட ஒன்றரை மடிப்பு, இரண்டு மடிப்புக் கூடுதலாகத் திறவுங்கள். பனியையே காணாத மனிதர் எங்களுக்குப் பனியில் படம் எடுக்கக் கற்றுத் தந்தார். அவர் சொன்னபடி எடுத்த அடுத்த படத்தில் பனி வெள்ளையாக வந்தது. நாங்களும் எங்கள் நிறத்துக்கு வந்தோம்.

1995ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அப்பாச்சி காலமானார். அவ்வருடம் ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அப்பாவும் அம்மாவும் சைக்கிளில் இரண்டு பைகளுடன் தென்மராட்சிக்குப் போனார்கள். 1996இல் அங்கிருந்து வன்னிக்கு. அல்பங்கள் எல்லாம் வீட்டுடன் போயின. 1997இல் அப்பா வன்னியில் காய்ச்சலில் இறந்துபோனார். செய்தி எங்களுக்குக் கிடைத்தபோது முப்பத்தொன்றும் முடிந்துவிட்டிருந்தது.

1998இல் அம்மா எங்களிடம் வந்து சேர்ந்தார். அவருடைய கைப்பைக்குள் ஒரு நெஸ்பிறே ரின் இருந்தது. திறந்து பார்த்தோம். துணியில் முடிந்த வறுத்த அரிசி, அதன்மேல் இரண்டு பிலிம் டப்பாக்கள். ஈரத்தை அரிசி உறிஞ்சும் என்று அப்பாதான் அப்படி வைத்தாராம்.

"பிள்ளையள், உதில கொப்பா இருக்கிறார். அவர்தான் எல்லாரையும் எடுப்பார், அவரை ஆரும் எடுக்கிறேல்லை. ஒருக்கா மட்டும் நான் அமத்தினான். எந்தச் சுருள் எண்டு எனக்குத் தெரியாது."

எங்களிடம் அப்பாவின் படம் என்று இருந்தது அடையாள அட்டைப் பிரதி ஒன்றுதான். அன்று இரவு எங்கள் இருவருக்கும் நித்திரை வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு சுருளை எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் படம் கழுவித் தரும் கடைக்குப் போனோம். கடையின் பெயர் வேண்டாம். அங்கு நின்ற பெடியன் சுருளை வாங்கி இயந்திரத்துக்குள் விட்டான். அவன் எதுவும் கேட்கவில்லை, நாங்களும் எதுவும் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது கையில் தந்தது கண்ணாடிபோல வெறுமையான ஒரு நாடா. "படம் ஒன்றும் விழவில்லை" என்றான். காசு வாங்கவில்லை.

அம்மா அந்த நாடாவை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். எங்களை ஏசவில்லை. மற்றச் சுருளை எடுத்து மீண்டும் அரிசி ரின்னுக்குள் வைத்து மூடினார். ஒரு வருடம் அதை யாரும் தொடவில்லை.

1999 இலையுதிர்காலத்தில், அருகிலிருந்த உயர்தரப் பாடசாலையில் மாலை வகுப்பாகக் கறுப்பு வெள்ளைப் புகைப்படக்கலை கற்பிக்கிறார்கள் என்று அறிந்து இருவரும் சேர்ந்தோம். வேலை முடிந்து களைத்துப்போய்த்தான் போவோம். ஆசிரியை வயதான வெள்ளைக்காரப் பெண்மணி. முதல் நாளே அந்த வெறும் நாடாவை அவரிடம் காட்டினோம். அவர் ஓரங்களைத்தான் முதலில் பார்த்தார். பிலிமின் ஓரத்தில் அதன் பெயரையும் எண்களையும் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதித்து அனுப்புவார்கள். படம் எடுக்காத பிலிமாக இருந்தாலும், முறையாகக் கழுவினால் அந்த எழுத்துகள் தெரியவேண்டும். இதில் அவையும் இல்லை. "படம் விழாமல் இல்லை. விழுந்ததைக் கழுவி ஊற்றிவிட்டார்கள்" என்றார்.

அது எப்படி என்பதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு மூன்று வகுப்புகள் எடுத்தன. விளங்கியதை இங்கே சுருக்கமாகச் சொல்கிறோம்.

பிலிம் என்பது ஒளிபுகும் நாடா ஒன்றின்மேல் பூசிய மெல்லிய ஜெலற்றின் படை. அந்த ஜெலற்றினுக்குள் வெள்ளி உப்பு மணிகள் கோடிக்கணக்கில் கிடக்கின்றன. பெரும்பாலும் வெள்ளி புரோமைட்டு, கொஞ்சம் வெள்ளி அயடைட்டு. ஒரு மணியில் ஒளி விழும்போது அதில் சில வெள்ளி அணுக்கள் பிரிந்து ஓரிடத்தில் கூடும். ஏறக்குறைய நான்கு அணுக்கள் கூடினாலே போதும், அந்த மணி "கண்டுவிட்டது" என்று அர்த்தம். கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. டெவலப்பரில் இட்டால்தான், ஒளியைக் கண்ட மணி முழுவதும் கறுப்பு வெள்ளியாக மாறும். காணாத மணிகளை ஹைப்போ கரைத்துவிடும். இந்த மறைந்திருக்கும் படத்தை 1840இல் இங்கிலாந்தில் தோல்பட் என்பவர் கண்டறிந்தார். ஒளி பட்டது ஒரு நாள், படம் தெரிவது வேறொரு நாள் என்பது அன்றிலிருந்துதான் சாத்தியமாயிற்று.

கலர் பிலிமில் வெள்ளி ஒரு கூலியாள் மாதிரி. சாயங்களை உண்டாக்கிக் கொடுத்தவுடன் அதை வெளியேற்றிவிடுவார்கள். கலர் கழுவும் முறையில் அதற்கென்றே வெள்ளியை அகற்றும் மருந்து உண்டு. எங்கள் சுருளோ கறுப்பு வெள்ளை. அதில் சாயம் இல்லை, வெள்ளி மட்டுமே படம். கலர் இயந்திரம் வெள்ளியை அகற்றியபோது அதனுடன் எங்கள் முப்பத்தாறு படங்களும் போய்விட்டன. சுருளின் உடம்பில் அது கறுப்பு வெள்ளை என்று அச்சடித்தே இருந்தது. அவனும் வாசிக்கவில்லை, நாங்களும் வாசிக்கவில்லை.

அதே உடம்பில் இன்னொரு எண்ணும் இருந்தது: 400/27. அதுதான் பிலிமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன். முதல் எண் அமெரிக்கர்களின் பழைய ஏ.எஸ்.ஏ. முறையிலிருந்து வந்தது, இரண்டாவது ஜேர்மனியரின் டின் முறையிலிருந்து. இரண்டையும் சேர்த்து ஐ.எஸ்.ஓ. என்று 1974இல் ஆக்கினார்கள். 100ஐ விட 200க்குப் பாதி வெளிச்சம் போதும், 400க்குக் கால்வாசி போதும். இரண்டாவது எண்ணில் மூன்று கூடினால் வேகம் இரட்டிக்கிறது.

வேகம் எங்கிருந்து வருகிறது? முற்றத்தில் மழைக்குப் பாத்திரங்கள் வைத்ததை நினைத்துப் பாருங்கள். அண்டாவின் வாய் அகலம், தேத்தண்ணிக் கோப்பையின் வாய் சிறிது. ஒவ்வொன்றுக்குள்ளும் நாலு துளி விழவேண்டும் என்றால், தூறல் மழையில் அண்டாவுக்குள்தான் முதலில் விழும். வேகமான பிலிமில் மணிகள் பெரியவை. ஆகையால் குறைந்த ஒளியிலும் அவை கண்டுவிடும். ஆனால் படம் ரவைபோல் கரடாக வரும். மெதுவான பிலிமில் மணிகள் சிறியவை. படம் அரித்த மா மாதிரி நைசாக வரும், ஆனால் நிறைய வெளிச்சம் கேட்கும். நல்ல வெயிலில் லென்ஸ் துவாரத்தை 16இல் வைத்து, ஷட்டரைப் பிலிமின் எண்ணுக்கு அருகில் வைத்தால் படம் சரியாக வரும் என்பது பழைய விதி. 100க்கு 1/125 செக்கன், 400க்கு 1/500.

வேகத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. ஒளியை விரைவில் உணரும் பிலிம், வெக்கையையும் கதிர்வீச்சையும் காலத்தையும் விரைவில் உணரும். ஒளி படாத மணிகளும் கண்டவைபோல் நடந்துகொள்ளத் தொடங்கும். நெகற்றிவ் முழுவதும் புகை மூடியதுபோல் ஆகும். எங்கள் மற்றச் சுருள் 400. யாழ்ப்பாணத்து வெயிலையும், வன்னியில் ஓலைக் கொட்டிலின் புழுக்கத்தையும், விமான நிலையத்து எக்ஸ்-றேயையும் தாண்டி வந்தது. கழுவாமல் நாலு வருடம்.

ஆசிரியை எங்களுக்கு ஒரு வழி சொன்னார். முழு இருட்டில் சுருளைத் திறந்து, தொடக்கத்திலிருந்து நாலு விரல் அளவு வெட்டி, அதை மட்டும் கழுவிப் பார்ப்பது. புகை எவ்வளவு, படம் எவ்வளவு என்று அதில் தெரிந்துவிடும். பிறகு மிச்சத்துக்கு எவ்வளவு நேரம் என்று முடிவு செய்யலாம். ஆனால் அந்த நாலு விரலில் இரண்டு படங்கள் இருக்கும். அவை பழுதாகிப் போகலாம். அப்பா பிலிமை வீணாக்குகிறவர் இல்லை. முதல் படத்திலிருந்தே ஏதாவது இருக்கும். அந்த இரண்டில் ஒன்று அப்பாவாக இருந்தால்?

அம்மாவைக் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ரண்டைக் குடுத்து மிச்சத்தை எடுங்கோ. போன முறை கேட்காமல் குடுத்தியள், இந்த முறை கேட்டுக் குடுக்கிறியள், அது காணும்" என்றார்.

பிலிமை இருட்டில் தடவித்தான் கையாளவேண்டும். படங்களில் காட்டும் சிவப்பு விளக்கு படம் அச்சிடும் கடதாசிக்கு மட்டுமே, ஏனெனில் அந்தக் கடதாசிக்குச் சிவப்புத் தெரியாது. ஆரம்பத்தில் பிலிமுக்கும் தெரியாமல்தான் இருந்தது. நீலத்தைத்தான் கண்டது. 1873இல் ஜேர்மனியில் வோகல் என்பவர் ஒருவகைச் சாயத்தைச் சேர்த்தால் பச்சையையும் உணரும் என்று கண்டுபிடித்தார். எல்லா நிறத்தையும் காணும் பிலிம் பிறகு வந்தது. அது சிவப்பையும் காண்பதால் சிவப்பு விளக்கிலும் பழுதாகும்.

வெட்டிய துண்டில் எங்கள் வீட்டுக் கிணறும் துலாவும் இருந்தன. சாம்பல் புகைக்குள் மெல்லியதாக, ஆனால் இருந்தன. ஆசிரியை நேரத்தைக் கொஞ்சம் கூட்டினார். புகையைக் குறைக்கும் மருந்து சில துளிகள் சேர்த்தார். அவருடைய மேற்பார்வையில் நாங்களே கழுவினோம். தொட்டியைத் திருப்பித் திருப்பி வைத்தபோது எங்கள் கைகள் நடுங்கின. கழுவி முடித்து நாடாவை வெளியே இழுத்தபோது ஓரத்தில் எழுத்துகள் தெரிந்தன. அதைக் கண்டவுடனேயே அக்கா அழத் தொடங்கிவிட்டாள்.

முப்பத்துநாலில் பதினான்கு தெளிவாக இருந்தன. கோயில் வீதி, பங்கருக்கு மேல் காயவைத்த மிளகாய், அடுத்த வீட்டுப் பிள்ளைகள். அம்மா சேலையுடன் நிற்கும் படம் ஒன்று. "இது சிவப்புச் சேலை, பச்சைச் சட்டை. ரண்டும் ஏன் ஒரே மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டார். இரண்டு நிறமும் ஒரே அளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பினால் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பல்தான் என்று விளக்கினோம்.

ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அப்பாச்சி இருக்கும் படமும் வந்தது. ஒரு மெழுகுதிரி ஒரு மீற்றர் தூரத்தில் தரும் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு லக்ஸ். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை. 400 வேகமும் லென்ஸை முழுதாகத் திறந்ததும் சேர்ந்தாலும், அந்த விளக்கில் ஒரு செக்கனுக்கு மேல் ஷட்டர் திறந்திருக்கவேண்டும். அதிலும் மங்கிய ஒளியில் பிலிம் சோர்ந்துபோகும். ஒரு துளிக்கும் அடுத்த துளிக்கும் இடையில் நேரம் நீண்டால், சேர்ந்த அணு கலைந்துவிடும். ஆகவே கணக்கைவிட இன்னும் கூடக் கொடுக்கவேண்டும். அப்பா கமராவைப் புத்தகக் கட்டின்மேல் வைத்து, ஐந்து வரை எண்ணினார் என்று அம்மா சொன்னார். அப்பாச்சி விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருக்கிறார். முகம் அசையவில்லை. கைகள் மட்டும் புகையாய்ப் போயிருக்கின்றன.

இருபத்தொன்பதாவது படத்தில் அப்பா இருந்தார். விறாந்தையில் சாய்மனைக் கதிரை, பின்னால் வெயில் எரிக்கும் முற்றம். முற்றத்துக்கு என்று வைத்த அளவை மாற்றாமலே கமராவை அம்மாவின் கையில் கொடுத்திருக்கிறார். ஆகவே நிழலில் இருந்த அவருக்குப் போதிய ஒளி கிடைக்கவில்லை. நெகற்றிவில் அவர் முகம் அநேகமாக வெறுமை. கூடுதலான மாறுபாடு தரும் கடதாசியில் ஏழெட்டுத் தரம் அச்சிட்டுப் பார்த்தோம். இடது பக்கம் வந்தது: கண்ணாடி, பாதி மீசை, தோளில் சால்வை. வலது பக்கம் இருட்டு. அந்தப் பக்கத்து மணிகளுக்கு நாலு துளி கிடைக்கவில்லை. கிடைத்ததை மருந்து கூட்டிக் காட்டும், கிடைக்காததை எந்த மருந்தும் உண்டாக்காது.

ஈரம் காயாத படத்தை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். பாதிதான் வந்தது என்று வருத்தப்பட்டோம். அம்மா படத்தைத் துடைத்துக்கொண்டே, "மற்றப் பக்கம் எனக்குத் தெரியும்தானே" என்றார். அந்தப் படம் இன்றும் எங்கள் வீட்டுச் சாமியறைச் சுவரில் இருக்கிறது.

உங்கள் பெட்டியிலும் ஒரு சுருள் இருந்தால், நாங்கள் கேட்டுக்கொள்வது இவைதான்.

முதலில் சுருளின் உடம்பை வாசியுங்கள். சி-41 என்று இருந்தால் கலர் முறையில் கழுவலாம். கறுப்பு வெள்ளையிலும் அப்படி ஒரு வகை உண்டு, இல்போட் எக்ஸ்.பி.2 போன்றவை. அப்படி எழுதாத கறுப்பு வெள்ளைச் சுருள் என்றால், கலர் இயந்திரத்துக்குள் போகக்கூடாது என்று வாயால் சொல்லுங்கள். பாஷை வராது என்று கூச்சப்பட்டு நிற்காதீர்கள். ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தாலும் போதும். இன்றும் கறுப்பு வெள்ளை கழுவும் இடங்கள் இருக்கின்றன. பழைய பிலிம் கழுவிப் பழக்கமுள்ளவர்களா என்று கேட்டபின் கொடுங்கள்.

உள்ளே என்ன என்று பார்க்கச் சுருளை இழுக்காதீர்கள். பார்த்த அந்தக் கணத்திலேயே அது அழிந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் குளிரூட்டியில் வையுங்கள். வெளியே எடுத்தால் அறைச் சூட்டுக்கு வந்தபின் திறவுங்கள். விமானத்தில் கொண்டுவருவதானால் பெரிய பெட்டிக்குள் ஒருபோதும் போடவேண்டாம். இப்போது கைப்பைகளுக்கே சீ.ரி. ஸ்கானர் வைத்த விமான நிலையங்கள் பல. அவை கழுவாத பிலிமைக் கெடுக்கும். கையால் பார்க்கும்படி பணிவாகக் கேளுங்கள்.

இரண்டு சுருள் இருந்தால் ஒரே நாளில் இரண்டையும் கொடுக்காதீர்கள். நாங்கள் ஒன்றை வீட்டில் விட்டுப் போனது யோசித்துச் செய்ததல்ல, கைக்கு ஒன்றுதான் அகப்பட்டது. அதனால்தான் எங்கள் அப்பா பாதியாவது எங்களிடம் இருக்கிறார். முக்கியமாக, பிந்தவேண்டாம். வருடம் போகப்போகப் புகை கூடும். வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே கழுவுங்கள். படத்தில் நிற்பது யார், எந்த முற்றம், எந்த நாள் என்று சொல்ல அவர்கள் வேண்டும்.